பதின்மூன்று போக மற்றதெல்லாம் வெளியிலிருந்து

மனித மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று சொந்தமாக ஒரு டிஎன்ஏ உண்டு. வட்ட வடிவம், மிகச் சின்னது. 1981இல் கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் சாங்கரின் ஆய்வகம் அதை முழுதாக வாசித்து வெளியிட்டது. மொத்தம் 16,569 எழுத்துகள், 37 ஜீன்கள். அந்த 37இல் புரதத்துக்கான குறிப்பு இருப்பது 13இல் மட்டும்தான். மற்ற 24ம் அந்தப் பதின்மூன்றைச் செய்து முடிக்கத் தேவையான ஆர்என்ஏக்கள்.

ஆனால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் புரத வகைகளோ ஆயிரத்து நூறுக்கும் மேல். அப்படியானால் நூற்றில் தொண்ணூற்றெட்டுக்கும் மேலானவை அங்கே செய்யப்படுவதில்லை. அவற்றின் ஜீன்கள் நியூக்ளியஸில் இருக்கின்றன. வெளியே சைட்டோபிளாசத்தில் உள்ள ரைபோசோம்கள் அவற்றைக் கோர்க்கின்றன. பிறகு ஒவ்வொன்றும் இரண்டு சவ்வுகளைத் தாண்டி உள்ளே போக வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதியும், அங்கிருக்கும் ரைபோசோமின் புரதங்களும்கூட வெளியிலிருந்துதான் வருகின்றன. சொந்த ஜீன்களை வாசிக்கத் தேவையான கருவியே வெளியிலிருந்து வந்தாக வேண்டும்.

நாம் எல்லோரும் பள்ளியில் 'செல்லின் ஆற்றல் மையம்' என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். நான் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவள். எங்கள் பாடத்திட்டத்திலும் மைட்டோகாண்ட்ரியா என்றால் ஏடிபிதான், அதாவது செல் ஆற்றலுக்காகச் செலவழிக்கும் மூலக்கூறு. புரதம் உள்ளே போகும் கதைக்கு ஒரு பத்தி, சில வருடம் அதுவும் கிடையாது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. ஏடிபி தயாரிக்கும் பாகங்களே பெரும்பாலும் உள்ளே வந்து சேர்ந்தவைதானே. அவை எப்படி வந்தன என்று சொல்லாமல் அவை என்ன செய்கின்றன என்று மட்டும் சொன்னால் பாதிப் பாடம்தான் நடத்தியிருக்கிறோம்.

ஒருமுறை இந்தப் பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "மேடம், உள்சவ்வு வழியா ஒரு புரோட்டான்கூடச் சும்மா தப்பிக்கக் கூடாதுன்னு போன வாரம்தானே சொன்னீங்க? இப்போ ஆயிரம் வகைப் புரதம் உள்ளே போகுதுங்கிறீங்க. அப்போ ஓட்டை இருக்கணுமே. ஓட்டை இருந்தா வோல்டேஜ் எப்படி நிக்கும்?"

அருமையான கேள்வி. இந்தத் துறையே ஐம்பது வருடமாக இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது என்பேன்.

கேள்வியின் கனம் புரிய ஒரு கணக்கு. மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்கு இருபுறமும் சுமார் 150 மில்லிவோல்ட் மின்னழுத்த வேறுபாடு இருக்கிறது, உட்பக்கம் எதிர்மின். டார்ச் பேட்டரி 1.5 வோல்ட் என்று தெரிந்த நமக்கு இது அற்பமாகத் தோன்றும். ஆனால் அந்தச் சவ்வின் தடிமன் 5 நானோமீட்டர்தான். அந்த தூரத்தால் வகுத்துப் பார்த்தால் மீட்டருக்கு 3 கோடி வோல்ட் என்ற அளவிலான மின்புலம். இதை வைத்துத்தான் ஏடிபி உண்டாகிறது. சவ்வில் சின்னக் கசிவு வந்தாலும் எல்லாம் இறங்கிவிடும். புரோட்டானைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரிய புரதங்கள், ஓயாமல், இதே சவ்வைத்தான் கடக்கின்றன.

முதலில், எந்தப் புரதம் போக வேண்டும் என்று எப்படித் தெரிகிறது? மேட்ரிக்ஸ் எனப்படும் உட்பகுதிக்குப் போகும் புரதங்களில் பெரும்பாலானவற்றின் தொடக்கத்தில் கூடுதலாக ஒரு சிறு துண்டு இருக்கும். பதினைந்திலிருந்து ஐம்பது அமினோ அமிலங்கள் வரை. இதை முன்துண்டு என்று சொல்லிக்கொள்வோம். உள்ளே போனதும் ஒரு நொதி இதை வெட்டி எறிந்துவிடும். எல்லா முன்துண்டுகளுக்கும் பொதுவான எழுத்து வரிசை என்று எதுவும் கிடையாது. பொதுவாக இருப்பது ஒரு வடிவம்: சுருளாகச் சுற்றினால் ஒரு பக்கம் நேர்மின் ஏற்ற அமினோ அமிலங்கள், மறுபக்கம் எண்ணெய்த்தன்மை உள்ளவை.

இதைக் கண்டறிந்த கதையில் காட்ஃபிரீட் ஷாட்ஸ் என்ற பெயர் முக்கியமானது. 1936இல் ஆஸ்திரியாவில் பிறந்தவர், வயலின் வாசிப்பவர். மைட்டோகாண்ட்ரியாவில் டிஎன்ஏ இருக்கிறது என்று 1963இல் ஸ்டாக்ஹோமில் நாஸ் தம்பதியர் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே காட்டினார்கள். அடுத்த வருடமே வியன்னாவில் ஈஸ்டிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் காட்டியவர்களில் இவரும் ஒருவர். பிறகு அமெரிக்கா போய், 1974இல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரத்துக்கு வந்து, மிச்ச வாழ்க்கையை இந்த வழி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதில் செலவிட்டார். 2015இல் மறைந்தார்.

1984இல் அவருடைய குழு ஒரு மைட்டோகாண்ட்ரியப் புரதத்தின் முன்துண்டை எடுத்து, மைட்டோகாண்ட்ரியாவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு சுண்டெலிப் புரதத்தின் முன்னால் ஒட்டியது. அந்தப் புரதத்தின் சுருக்கப்பெயர் டிஹெச்எஃப்ஆர். சைட்டோபிளாசத்திலேயே பிறந்து அங்கேயே வேலை செய்யும் நொதி அது. முன்துண்டு ஒட்டியதும் நேராக மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்விட்டது. சரி, முன்துண்டு போதும் என்று தெரிந்தது. அதோடு நிற்கவில்லை. 1986இல், இயற்கையில் இல்லாத முன்துண்டுகளை அவர்களே செய்தார்கள். ஆர்ஜினின், செரின், லூசின் என்ற மூன்றே அமினோ அமிலங்களை வைத்துக் கோர்த்தவை. அவையும் வேலை செய்தன! அடுத்த வருடம் இன்னும் ஒரு படி போனார்கள். ஈ.கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏவைக் கண்டபடி துண்டாக்கி, அந்தத் துண்டுகள் தரும் ஏதோ ஒரு சங்கிலியை முன்துண்டு இழந்த புரதத்தின் தலையில் வைத்துப் பார்த்தார்கள். நூற்றுக்குச் சில அப்படியும் உள்ளே போயின.

இந்தக் கடைசி முடிவு என்னை ஆழமாகப் பாதித்த ஒன்று. அந்த வாசல் வருகிற புரதம் யார், என்ன வேலை செய்யும் என்று எதையும் கேட்பதில்லை. ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எண்ணெய்த்தன்மை, அவ்வளவுதான் பார்க்கிறது. இப்படித் தளர்வாகப் பார்க்கும் வாசலை நம்பி ஒரு செல் எப்படிப் பிழைக்கிறது? பதிலின் ஒரு பகுதி அடுத்த பரிசோதனையில் இருக்கிறது. நான் வகுப்பில் ஒரு முழு மணி நேரம் நடத்தும் பரிசோதனை அது.

மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தைப் பலர் அறிந்திருப்பீர்கள். மூட்டுவாதத்துக்கும் சில புற்றுநோய்களுக்கும் கொடுப்பது. அது போய் ஒட்டிக்கொள்ளும் இடம் இதே டிஹெச்எஃப்ஆர் நொதிதான். ஒட்டிக்கொண்டால் நொதி தன் மடிப்பை இறுக்கிக்கொள்ளும், அவிழாது. 1986இல் மார்ட்டின் ஐலர்ஸும் ஷாட்ஸும் முன்துண்டு ஒட்டிய டிஹெச்எஃப்ஆருடன் மெத்தோட்ரெக்ஸேட்டைச் சேர்த்தார்கள். முன்துண்டு அப்படியே இருக்கிறது. மின்னழுத்தம் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா ஆரோக்கியமாக இருக்கிறது. ஆனாலும் புரதம் உள்ளே போகவில்லை.

அதாவது, மடிந்த புரதம் போகாது. அவிழ்ந்து ஒற்றைச் சங்கிலியாக நீண்டால்தான் போகும். இதைச் சொல்ல அவர்களுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. எந்த மருந்து எந்த நொதியில் ஒட்டும் என்ற பழைய மருத்துவ அறிவும், கேள்வியைச் சரியாகக் கேட்கும் மனமும் போதுமாக இருந்தன.

இங்கேதான் அந்த மாணவியின் கேள்விக்கு முதல் பாதி பதில். மடிந்த புரதம் போகுமளவு பெரிய ஓட்டை எங்கேயும் இல்லை. ஒற்றைச் சங்கிலி நுழையுமளவுதான் வழி. அந்த வழியையும் போகிற சங்கிலியே அடைத்துக்கொள்கிறது.

வெளிச்சவ்வில் இருக்கும் வாசலின் பெயர் டாம். பல புரதங்கள் சேர்ந்த தொகுதி. நடுவில் டாம்40 என்ற பீப்பாய் வடிவப் புரதம், உள்விட்டம் சுமார் 2 நானோமீட்டர். டாம்20, டாம்22, டாம்70 ஆகியவை வெளியே நின்று வருகிறவற்றைப் பிடித்துக்கொடுக்கும். உள்சவ்வில் இருக்கும் வாசல் டிம்23 தொகுதி. ஒரு சங்கிலி இரண்டு வாசலிலும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் என்று காட்டியவர் ஜெர்மனியின் வால்டர் நாய்பெர்ட். ஷாட்ஸ் ஈஸ்டை வைத்து வேலை செய்தார் என்றால் இவர் நியூரோஸ்போரா என்ற பூஞ்சையை வைத்து. புரதம் முழுதாகச் செய்து முடிக்கப்பட்ட பிறகும் உள்ளே போக முடியும் என்று 1970களிலேயே காட்டிய குழுக்களில் அவருடையதும் ஒன்று. 1985இல் மன்ஃப்ரெட் ஷ்லையரும் அவரும் வெப்பநிலையைக் குறைத்துப் பார்த்தார்கள். குளிரில் பயணம் பாதியில் நின்றது. முன்துண்டு ஏற்கெனவே உள்ளே போய் வெட்டப்பட்டிருந்தது. அதே மூலக்கூறின் பின்பகுதியை, வெளியே சேர்த்த இன்னொரு நொதியால் கடிக்க முடிந்தது. தலை உள்ளே, உடல் வெளியே. பிற்பாடு கணக்கிட்டபோது, இரண்டு சவ்வுகளையும் சேர்த்துத் தாண்ட சுமார் 50 அமினோ அமிலங்களே போதும் என்று தெரிந்தது. சுருளாமல் மடியாமல் கிட்டத்தட்ட நேராக நீண்டு நின்றால் மட்டுமே அந்த எண்ணிக்கை போதும்.

எது உள்ளே இழுக்கிறது? முன்துண்டு நேர்மின் என்றேன், உட்பக்கம் எதிர்மின் என்றேன். எனவே தலையை உள்ளே இழுப்பது அந்த மின்னழுத்தம்தான். ஏடிபி செய்யப் பயன்படும் அதே மின்னழுத்தம் புரதத்தையும் இழுக்கிறது. அதைக் கலைத்துவிடும் வேதிப்பொருளைச் சேர்த்தால் இந்தப் பயணம் நின்றுபோகும். ஆனால் தலை போன பிறகு மீதி உடலில் நேர்மின் ஏற்றம் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. அதற்கு உள்ளே ஹெச்எஸ்பி70 என்ற உதவிப் புரதம் காத்திருக்கிறது. ஏடிபியைச் செலவழித்து, வருகிற சங்கிலியை ஒவ்வொரு இடமாகப் பிடிக்கிறது.

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு கை பிடித்திருக்க மறு கை போய் அடுத்த இடத்தைப் பிடிக்கும். இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன: கயிற்றை இழுப்பது ஒன்று, வந்த கயிறு வழுக்கித் திரும்பாமல் பிடித்து வைப்பது இன்னொன்று. ஹெச்எஸ்பி70 இதில் எதைச் செய்கிறது என்பதில்தான் இந்தத் துறையில் பல வருடம் பெரிய வாக்குவாதம் நடந்தது. மூலக்கூறுகள் வெப்பத்தால் தானாகவே முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருக்கும், அப்படி உள்ளே அசைந்த பகுதி திரும்பிப் போகாமல் பிடித்தாலே போதும் என்பது நாய்பெர்ட் தரப்பு. வெளியே இறுக்கமாக மடிந்திருக்கும் புரதத்தை அவிழ்க்க அது போதாது, உண்மையான இழுவிசை வேண்டும் என்பது எதிர்த்தரப்பு. 2006இல் மூன்றாவதாக ஒரு விளக்கம் வந்தது. சங்கிலியில் ஒட்டிக்கொண்ட பருத்த ஹெச்எஸ்பி70க்கு வாசலை ஒட்டி இருக்கும்போது அசைய இடம் குறைவு. அது உள்ளே விலக விலக அசைவுச் சுதந்திரம் கூடும். அந்தச் சுதந்திரத்தைத் தேடும் போக்கே இழுவிசையாக மாறுகிறது. பழைய இரு தரப்பும் சொன்னதில் உண்மையாக இருந்ததை இது ஒன்றுசேர்க்கிறது என்பதால் எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும்.

இந்த இழுக்கும் தொகுதியில் ஹெச்எஸ்பி70ஐத் தூண்டிவிடும் பாகங்களைப் பற்றி நம் நாட்டிலும் ஆழமான வேலை நடந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பாட்ரிக் டிசில்வாவின் ஆய்வகம் அதில் முக்கியமானது. அந்தப் பாகங்களில் ஒன்றான டிஎன்ஏஜேசி19 கெட்டுப்போனால் குழந்தைகளுக்கு இதயத் தசை பலவீனமும் நடைத் தள்ளாட்டமும் வருகின்றன. கனடாவில் வாழும் ஹட்டரைட் சமூகத்தில் 2006இல் இது கண்டறியப்பட்டது.

இப்போது மாணவியின் கேள்விக்கு மறுபாதி. போகிற சங்கிலி வழியை அடைத்துக்கொள்ளும், சரி. யாரும் போகாத நேரத்தில்? டிம்23 தொகுதியில் இருக்கும் டிம்50 என்ற பாகம் அப்போது வழியை மூடி வைக்க உதவுகிறது என்று 2006இல் காட்டினார்கள். பெரிய திருப்பம் 2023இல் வந்தது. டிம்23தான் சவ்வில் குழாய்போலத் துளை போட்டு நிற்கிறது என்று பல வருடம் புத்தகங்களில் எழுதியிருந்தோம். அந்த வருடம் பெர்க்லியிலிருந்து ஒரு குழுவும் ஃப்ரைபுர்கிலிருந்து ஒரு குழுவும் தனித்தனியாக வேலை செய்து, புரதம் போகும் பாதை பக்கத்தில் இருக்கும் டிம்17இல்தான் என்று காட்டின. அது முழுக் குழாயும் இல்லை. ஒரு பக்கம் சவ்வின் கொழுப்பை நோக்கித் திறந்திருக்கும் குழிவு. அதன் முகப்பில் எதிர்மின் அமினோ அமிலங்கள் இருந்து முன்துண்டை வரவேற்கின்றன. நிரந்தர ஓட்டை என்று ஒன்று இல்லாததால் கசிய வழியும் குறைவு. "ஓட்டை இருக்கணுமே" என்று அவள் கேட்டபோது துறையில் உள்ள எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டை இல்லாமலே இந்த வேலை நடக்கிறது என்பதைப் பிறகு அவளிடம் சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷம் பெரியது.

எல்லாப் புரதமும் இதே வழியில் போவதில்லை. ஏடிபியை வெளியே அனுப்பும் கடத்திப் புரதங்களுக்கு முன்துண்டு கிடையாது. அவற்றுக்கு டிம்22 என்று தனி வாசல். இரு சவ்வுக்கும் இடையில் நின்றுவிட வேண்டிய சிறு புரதங்களை மியா40 என்ற நொதி கந்தகப் பிணைப்புப் போட்டு அங்கேயே மடித்துவிடும், பிறகு அவை திரும்பி வர முடியாது. வெளிச்சவ்வின் பீப்பாய்ப் புரதங்களைப் பொருத்துவது சாம்50. பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இதே வேலை செய்யும் புரதத்தின் நேரடி உறவு. மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா என்பதன் தடயம் இன்னும் வாசலிலேயே இருக்கிறது.

அப்புறம், உள்ளே போனால் வேலை முடிந்ததா? அவிழ்ந்து போனது மறுபடி மடிய வேண்டுமே. 1980கள் வரை இதை யாரும் பெரிய பிரச்சினையாக நினைக்கவில்லை. புரதம் தானாக மடியும் என்று கிறிஸ்டியன் அன்ஃபின்சன் சோதனைக் குழாயில் காட்டி 1972இல் நோபல் பரிசும் வாங்கியிருந்தார். யேல் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹார்விச் குழந்தைகள் மருத்துவம் படித்தவர். ஓடிசி என்ற கல்லீரல் மைட்டோகாண்ட்ரிய நொதியைப் பற்றி ஆராய்ந்தார். இது இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு இரத்தத்தில் அம்மோனியா ஏறி உயிருக்கே ஆபத்தாகும். மனித ஓடிசியை ஈஸ்டில் வைத்து, அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போக முடியாத ஈஸ்ட் வகைகளைத் தேடினார்கள். அப்படித் தேடியபோது ஒரு விசித்திரமான ஈஸ்ட் சிக்கியது. அதில் ஓடிசி உள்ளே போகிறது. முன்துண்டும் வெட்டப்படுகிறது. ஆனால் நொதி வேலை செய்யவில்லை.

வந்து சேர்ந்த புரதம் மடியாமல் கிடந்தது. காரணம் ஹெச்எஸ்பி60 என்ற புரதம் கெட்டிருந்தது. ஹார்விச்சும், நாய்பெர்ட்டின் ஆய்வகத்தில் அப்போது இருந்த ஃபிரான்ஸ்-உல்ரிக் ஹார்ட்லும் சேர்ந்து இதை 1989இல் வெளியிட்டார்கள். செல்லுக்குள் புரதங்களில் பல தானாக மடிவதில்லை, மடிய உதவி வேண்டும் என்ற இன்றைய புரிதலுக்கு அது ஒரு தொடக்கம். இருவருக்கும் 2011இல் லாஸ்கர் விருது கிடைத்தது. வாசல் எப்படி வேலை செய்கிறது என்று தேடப்போய் இது கிடைத்தது. மடிப்பைப் பிரித்தால்தான் நுழையலாம் என்ற கட்டாயம் இருந்ததால்தான், மறுபடி மடிப்பதற்கு ஒருவர் தேவை என்பதே கண்ணில் பட்டது.

இந்த வாசல் செல்லுக்கு எவ்வளவு முக்கியம்? ஈஸ்டிடம் கேட்கலாம். ஈஸ்டிலிருந்து மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவை முழுதாக நீக்கிவிட்டாலும் அது சாகாது. சுவாசிக்க முடியாது, சர்க்கரையை நொதிக்கவைத்துப் பிழைத்துக்கொள்ளும். ஆனால் டாம்40ஐ நீக்கினால் செத்துவிடும். டிம்23ஐ நீக்கினாலும், மைட்டோகாண்ட்ரியாவின் ஹெச்எஸ்பி70ஐ நீக்கினாலும் அப்படித்தான். ஏனென்றால் இரும்பும் கந்தகமும் சேர்ந்த சிறு கொத்துகளைச் செய்யும் வேலை அங்கே தொடங்குகிறது, அது இல்லாமல் நியூக்ளியஸில் டிஎன்ஏ சம்பந்தப்பட்ட நொதிகள்கூட இயங்காது. இதில் இன்னொரு அதிசயம்: சுவாசிக்க முடியாத அந்த ஈஸ்ட், வெளியே நொதித்தலில் கிடைத்த ஏடிபியை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுபோய் உடைத்து, அதைக்கொண்டு மின்னழுத்தத்தைக் காப்பாற்றுகிறது. ஏடிபி தர வேண்டிய இடத்துக்கு ஏடிபி கொடுத்து வாசலை நடத்துகிறது! வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியா ஒட்டுண்ணியில் மைட்டோகாண்ட்ரியா சுருங்கிச் சுருங்கி, சொந்த டிஎன்ஏவும் போய், ஏடிபி செய்யும் திறனும் போய், ஒரு சிறு பையாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதிலும் டாம்40 இருக்கிறது, ஹெச்எஸ்பி70 இருக்கிறது, இரும்பு-கந்தக வேலை இருக்கிறது. 'ஆற்றல் மையம்' என்ற ஒற்றை வரி ஏன் போதாது என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

வாசல் நின்றுபோவதையே எச்சரிக்கையாகப் பயன்படுத்தும் புரதமும் உண்டு. பிங்க்1 என்று பெயர். நல்ல மைட்டோகாண்ட்ரியாவில் அது உள்சவ்வு வரை இழுக்கப்பட்டு, வெட்டப்பட்டு, அழிக்கப்பட்டுவிடும். மின்னழுத்தம் இறங்கிய மைட்டோகாண்ட்ரியாவில் இழுக்க ஆளில்லை, எனவே டாம் வாசலிலேயே தங்கிச் சேர்ந்துவிடும். சேர்ந்ததும் பார்க்கின் என்ற இன்னொரு புரதத்தை அழைக்கும், அந்த மைட்டோகாண்ட்ரியா அப்புறப்படுத்தப்படும். இந்த இரண்டில் ஒன்று பரம்பரையாகக் கெட்டிருந்தால் இளவயதிலேயே பார்க்கின்சன் நோய் வருகிறது.

தளர்வாகப் பார்க்கும் வாசலை நம்பி செல் எப்படிப் பிழைக்கிறது என்று முன்னால் கேட்டேன். பெரும்பாலான புரதங்கள் வேகமாக மடிந்துவிடுவதுதான் அதற்கு ஒரு பாதுகாப்பு. மடிந்துவிட்டால் நுழைய முடியாதே. மடிவதில் தாமதம் ஏற்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நோய் இருக்கிறது. சில குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே திரும்பத் திரும்பச் சிறுநீரகக் கல் வந்து, கடைசியில் சிறுநீரகமே செயலிழந்துபோகும் பரம்பரை நோய் அது. பெயர் முதல் வகை ஹைப்பராக்ஸலூரியா.

கல்லீரலில் ஏஜிடி என்று ஒரு நொதி. கிளைஆக்சலேட் என்ற பொருளை கிளைசினாக மாற்றுவது அதன் வேலை. மாற்றாவிட்டால் அது ஆக்சலேட்டாகி, கால்சியத்துடன் சேர்ந்து கல்லாகும். மனிதர்களில் ஏஜிடி இருக்க வேண்டிய இடம் பெராக்ஸிசோம் என்ற இன்னொரு சிறு உறுப்பு. பூனையிலோ அது பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. இறைச்சி தின்னும் விலங்குகளுக்கு கிளைஆக்சலேட் மைட்டோகாண்ட்ரியாவிலும், இலை தழை தின்பவற்றுக்கு பெராக்ஸிசோமிலும் அதிகம் உண்டாவது இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. நம் முன்னோர்களின் பாதையில் எங்கோ அந்த மைட்டோகாண்ட்ரிய முன்துண்டு தொலைந்துவிட்டது.

லண்டனில் கிறிஸ்டோபர் டான்பியூர் 1980களின் பிற்பகுதியில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சில நோயாளிகளின் கல்லீரலில் ஏஜிடி இருக்கிறது, சோதனைக் குழாயில் வேலையும் செய்கிறது. ஆனாலும் நோய் முழுதாக இருக்கிறது. காரணம், அந்த நொதியில் சுமார் 90 சதவீதம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்க் கிடந்தது.

இதற்கு இரண்டு மாற்றங்கள் சேர வேண்டும். முதலாவது, 11ஆவது இடத்தில் புரோலினுக்குப் பதில் லூசின். புரோலின் சுருளைக் குலைக்கும், லூசின் சுருள விடும். புரதத்தின் தொடக்கம் இப்போது முன்துண்டு போலவே தோன்றுகிறது. ஐரோப்பியர்களில் இந்த மாற்றம் சாதாரணம், அந்த ஜீனின் ஐந்து பிரதிகளில் ஒன்று ஏறக்குறைய இப்படித்தான். இதனால் மட்டும் நோய் வராது. ஏனென்றால் ஏஜிடி இரண்டிரண்டாகச் சேர்ந்து இறுக்கமாக மடிந்துவிடுகிறது, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போவது 5 சதவீதம்தான். இரண்டாவது மாற்றம் 170ஆவது இடத்தில், கிளைசினுக்குப் பதில் ஆர்ஜினின். இது மடிப்பைத் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதத்தில் டாம் வாசல் அதைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுகிறது. பெராக்ஸிசோமுக்கோ மடிந்த புரதத்தையே அப்படியே உள்ளே எடுத்துக்கொள்ளத் தெரியும். அதாவது, வேகமாக மடிந்தால் ஒரு இடம், தாமதித்தால் வேறு இடம். ஐலர்ஸும் ஷாட்ஸும் மருந்து சேர்த்துக் காட்டிய அதே விதி இங்கே ஒரு குழந்தையின் சிறுநீரகத்தில் தலைகீழாக நடக்கிறது.

இந்த நோயாளிகளுக்கு வைட்டமின் பி6 கொடுத்தால் சிலருக்கு ஆக்சலேட் நன்றாகக் குறையும் என்று டாக்டர்கள் பல காலமாகவே அறிந்திருந்தார்கள். ஏன் சிலருக்கு மட்டும் என்பதுதான் புரியாமல் இருந்தது. பி6இலிருந்து வரும் ஒரு மூலக்கூறு ஏஜிடியின் துணைப்பொருள். அது அதிகமாகக் கிடைக்கும்போது நொதி நிலையாகிறது, சரியாக மடிகிறது, பெராக்ஸிசோமுக்குப் போய்ச் சேரும் அளவு கூடுகிறது. எனவே 170ஆவது இட மாற்றம் உள்ளவர்களுக்கு, அதிலும் ஜீனின் இரண்டு பிரதியிலும் அது இருப்பவர்களுக்கு, பி6 நன்றாக வேலை செய்கிறது. நொதியே உருவாகாத வேறு மாற்றங்கள் உள்ளவர்களுக்குச் செய்வதில்லை. அவர்களுக்கு 2020இல் லுமாசிரான் என்ற மருந்து அனுமதி பெற்று வந்திருக்கிறது. கிளைஆக்சலேட் உண்டாவதையே குறைப்பது அது.

ஜீன் பரிசோதனையின் முடிவு இங்கே சிகிச்சையின் அளவையே மாற்றிவிடும். இந்த நோயில் சிறுநீரகம் போய்விட்டால், கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்து மாற்றுவதுதான் நெடுங்காலம் வழியாக இருந்தது, ஏனென்றால் பழைய கல்லீரல் இருக்கும்வரை புதிய சிறுநீரகத்திலும் கல் சேரும். பி6க்கு முழுதாக ஒத்துழைக்கும் நோயாளிகளுக்கு, மருந்தைத் தொடர்ந்துகொண்டே, சிறுநீரகம் மட்டும் மாற்றினால் போதும் என்று இப்போது பரிசீலிக்கிறார்கள்.